மாதேசன் தொப்பூரில் தூங்கவில்லை

லேத்தில் ஒரு அச்சைக் கடைந்துகொண்டிருந்தேன். காலை வேளை, வெயில் இன்னும் ஷெட்டுக்குள் ஏறவில்லை. போன் அடித்தது. மாதேசனின் மகள் கவிதா. "லேத்த நிறுத்துங்க சித்தப்பா" என்றாள். நிறுத்தினேன். சுவிட்சை அணைத்த பிறகும் லேத் கொஞ்ச நேரம் சுற்றும். அது ஓய்கிறவரை இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தோம். பிறகு "வர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடினேன்.

அதியமான்கோட்டை ஹைவே ஓரத்தில் வண்டி விட்டவர்களுக்கு மாதேசனைத் தெரியும். இன்ஜினைப் பிரித்துக் கோப்பதுதான் அவன் தொழில். அவனுடைய ஷெட்டும் என்னுடைய லேத் பட்டறையும் ஒரே தகரச் சுவருக்கு இரண்டு பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொண்டோம். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "லேத்து" என்றுதான் கூப்பிடுவான். எங்கள் சங்க மலரில் போட, அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். செத்தவனைத் தங்கமான மனுஷன் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவன் தங்கம் இல்லை. சிடுமூஞ்சி. வண்டி எப்போது கிடைக்கும் என்று இரண்டாவது தடவை கேட்டவனிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். டீ வாங்கி வந்தால் சர்க்கரை போதவில்லை என்பான், சர்க்கரை போட்டால் இது என்ன பாயசமா என்பான். அவனோடு சண்டை போடாத வாரம் எனக்கு நினைவில் இல்லை. இப்போது வாரம் முழுக்க அமைதியாக இருக்கிறது, எனக்கு வேலை ஓடவில்லை.

அவனுடைய டம்ளரைப் பற்றிச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. இன்ஜின் வேலை முடிந்த வண்டியை அவன் சும்மா கொடுத்துவிட மாட்டான். எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வண்டிக்குள் டேஷ்போர்டின் மேல் வைப்பான். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல அழுத்துவான். தண்ணீர் நடுங்கலாம், சிந்தக் கூடாது. சிந்தினால் வண்டி மறுபடி உள்ளே போகும், சொந்தக்காரர் பஸ் ஏற வேண்டியதுதான். சிந்தாவிட்டால் அந்தத் தண்ணீரைச் சொந்தக்காரர் கையாலேயே முன் சக்கரத்தில் ஊற்றச் சொல்லி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை அனுப்புவான். நிறைகுடம் தளும்பாது என்று யாரோ ஒருமுறை சொல்லப்போக, "அப்பிடிச் சொன்னவன் வண்டில ஏறினதே இல்ல. நெறஞ்சதுதான் மொதல்ல சிந்தும்" என்றான்.

எங்களுடைய பெரிய சண்டை பேலன்ஸ் ஷாஃப்ட் பற்றியது. மெக்கானிக் அல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில பெரிய இன்ஜின்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருகிற வேகத்தில் வண்டியே நடுங்கும். அந்த நடுக்கத்தைச் சரிக்கட்ட, எடை வைத்த இரண்டு தண்டுகளை உள்ளே சுழலவிட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் இன்ஜின் உதறினால் அவை அந்தப் பக்கம் உதறும், இரண்டும் கழிந்து வண்டிக்குள் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பேலன்ஸ் ஷாஃப்ட் என்பது அந்தத் தண்டுகள்தான். வண்டி பழசானால் தொல்லையும் அவைதான். தண்டு உட்காரும் பேரிங் தேய்ந்தால் ஆயில் பிரஷர் இறங்கும். தண்டு இறுகினால் அதைச் சுற்றும் சின்ன பெல்ட் அறுந்து பெரிய டைமிங் பெல்ட்டில் போய் விழும். அப்படி விழுந்தால் இன்ஜின் ஓடுகிற ஓட்டத்திலேயே செத்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் பலரும் இன்ஜினைப் பிரிக்கும்போதே தண்டுகளைக் கழற்றிவிடுவார்கள். வண்டி கொஞ்சம் நடுங்கும், ஆனால் நடுவழியில் நிற்காது.

நானும் கழற்று என்கிற கட்சிதான். மாதேசன் மாட்டான். "வண்டிய செஞ்சவன் முட்டாள் இல்லடா" என்பான். "கழட்டறது சுலுவு. கழட்டினத எங்க வெக்கறதுன்னு தெரிஞ்சவன்தான் மெக்கானிக்." பேரிங்குக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டு, வாரக்கணக்கில் வண்டியைத் தூக்கி நிறுத்தி வைத்திருப்பான். பாப்பாரப்பட்டி நிலக்கடலை வியாபாரி ஒருவர் பொறுக்க முடியாமல் வண்டியை இழுத்துப் போய் வேறு இடத்தில் தண்டுகளைக் கழற்றிக்கொண்டார். அடுத்த வருடம் வேறு வேலையாக வந்தவர், வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்று எங்கள் இருவர் முன்னாலும் சொல்லிக் காட்டினார். நான் சுவரைத் தட்டிச் சிரித்தேன். மாதேசன் டம்ளரை எடுத்துப் போய் அவர் வண்டியில் வைத்தான். தண்ணீர் அவர் வேட்டியிலேயே சிந்தியது. "வண்டி நல்லாதாங்க இருக்குது. உங்க இடுப்பக் கேளுங்க, அது என்ன சொல்லுதுன்னு" என்றான். அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் தண்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இடுப்பு அவனுக்குத்தான் முதலில் பேசியது. முதுகுவலி இல்லாத மெக்கானிக் எங்கே இருக்கிறான்? தைலம் தேய்த்தான், பெல்ட் கட்டினான், புத்தூர்க்கட்டு போட்டான். படுத்தால் எழுந்திருக்க முடியாத நாளில்தான் கவிதா ஓசூரில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலைக்கு லீவு போட்டு வந்து அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். எங்கிருந்தோ கிளம்பிய புற்று முதுகெலும்புக்கு வந்து சேர்ந்திருந்தது. நோய் போகாது, கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், வலி குறையும், தினமும் வர வேண்டும் என்றார் டாக்டர். அவன் மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்குக் கவிதா, கவிதாவுக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம்.

அவனிடம் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. உயரமான பழைய ஜப்பான் வண்டி, டீசல். பின் சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். வாடகைக் காரில் முதல் நாள் போனபோது உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் துடித்துப்போனான். ஆம்புலன்ஸ் என்றால், "வந்து நின்னா ஊரே கூடி வேடிக்கை பாக்கும்" என்றான். சேலத்திலேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றதற்கு, "எங்க வூட்டுலதான் தூங்குவேன்" என்று முடித்துவிட்டான். நான் ஓட்டியிருப்பேன், ஆனால் லேத் பொறி தெறித்த இடது கண்ணோடு ஹைவேயில் ஓட்ட என்னை யாரும் விடமாட்டார்கள். ஆக மெத்தையை விரித்து அவனைப் படுக்க வைத்துக் கவிதாதான் ஓட்டினாள். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் மலை இறக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சரக்கு லாரி, முன்னால் சரக்கு லாரி, நடுவில் பிரேக்கை நம்பி நாம்.

இரண்டு மூன்று நாள் போய்வந்ததும் வண்டியில் ஆயில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. இன்ஜினைத் திறந்தோம். திறந்தவன் நான், கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்தவன் அவன். பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து, தண்டில் வரிவரியாகக் கீறல் விழுந்திருந்தது. புது பேரிங் தேடினோம். அந்த வண்டிக்கு எந்த ஊரிலும் இல்லை. வரவழைக்க மாதக் கணக்காகும் என்றார்கள். அவனிடம் மாதக் கணக்கு இல்லை.

பேரிங்குக்குப் பதிலாக நான் லேத்தில் ஒரு புஷ் கடைந்து போடுகிறேன், தண்டுகள் இருக்கட்டும் என்றேன். முப்பது வருடமாகக் கழற்று என்று சொன்ன நான், அன்றைக்குக் கழற்றாதே என்று கெஞ்சினேன். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டு இல்லாத வண்டி மெதுவாகப் போகும்போது அதிகம் காட்டிக்கொடுக்காது. இன்ஜின் அதிகமாகச் சுற்றும்போதுதான் உதறல் ஏறும். மலை இறக்கத்தில் சின்ன கியரில் இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் இறங்க வேண்டும். உதறல் முழுசாக வருகிற இடம் அதுதான். எலும்பு அரித்துப்போன முதுகை அதன்மேல் கிடத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொன்னேன், கோபமாகவே சொன்னேன்.

அவன் என் கடைசல் வேலையைக் குறை சொல்லவில்லை.

"உன் கை நல்ல கைதான் லேத்து. ஆனா கீறல் வுழுந்த தண்டு எப்ப இறுகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொப்பூர்ல பெல்ட் அறுந்து இஞ்சின் நின்னுச்சுன்னா பிரேக் கல்லாயிரும், ஸ்டியரிங் திரும்பாது. பின்னால லாரி. ஓட்டறது எம் பொண்ணு. கழட்டுடா."

கழற்றினேன். ஆயில் பம்பு ஓட வேண்டுமே, அதற்காக ஒரு தண்டை என் லேத்தில் பிடித்துக் குட்டையாக வெட்டிப் போட்டேன். மற்றதை அப்படியே உருவினேன். எண்ணெய்த் துளைகளை அடைத்தேன். எந்த வண்டிக்கும் இந்த வேலையைச் செய்யச் சம்மதிக்காதவன், கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதற்கு மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். போகிற வழியில் கொஞ்சம் குறைவாக வலிக்கட்டும் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஆசை. அதையும் அவன் என் கையாலேயே வெட்டவைத்தான்.

வண்டி தயாரானதும் கவிதா வந்தாள். சின்ன வயதிலிருந்து ஷெட்டில் வளர்ந்த பெண், டம்ளர் வைக்காமல் வண்டியைத் தொடமாட்டாள். மாதேசன் என் தோளைப் பிடித்து எழுந்து, டம்ளரை வாங்கித் தானே குழாயடிக்குப் போனான். அவன் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்ததை நான் பார்த்தேன். தண்ணீர் பாதிதான் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, நான்தான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். தண்ணீர் டம்ளருக்குள் குதித்தது, வெளியே வரவில்லை. கவிதா வண்டிக்கு வெளியே நின்றிருந்தாள். அந்த இடத்திலிருந்து டம்ளர் தெரியும், உள்ளே இருந்த தண்ணீர் தெரியாது. "பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல. ஆடவே ஆடாது" என்றான். தண்ணீரையும் அவளிடம் கொடுக்காமல் அவனே சக்கரத்தில் ஊற்றினான். நான் வாயைத் திறக்கவில்லை. நட்பு என்றால் சில சமயம் அதுதான்.

அடுத்த நாளிலிருந்து மறுபடி சேலம். மாலையில் திரும்பி வந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். வண்டி எப்படி என்று கேட்டால் கவிதா காதில் விழும்படி, "பூ மாதிரி போவுது" என்பான். முதல் நாள் அப்படிச் சொன்னபோது அவன் உதட்டில் பல் பதிந்த காயம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருப்பான். ஒருநாள் காலையில் மெத்தையை விரிக்கக் கவிதா வந்தபோது, போதும், இனி வரமாட்டேன் என்றுவிட்டான். டாக்டர் போனில் பேசினார். உறவுக்காரர்கள் வந்து பேசினார்கள். பாதியில் விடக் கூடாது, வலி தாங்க முடியாமல் போகும் என்றார்கள். எல்லாரும் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் திட்டினேன். ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "தொப்பூர்ல தூக்கம் வர மாட்டேங்குது லேத்து."

வலியைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் நின்றதும் டாக்டர் சொன்னதுபோலவே ஆயிற்று. கடைசி நாட்களைப் பற்றி எழுதமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டது, அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கவிதா என் பட்டறைக்கு வந்தாள். கையில் டம்ளர். அப்பா உங்களுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பார் என்று வேலை மேசையில் வைத்தாள். போகாமல் நின்றாள். பிறகு கேட்டாள்.

"சித்தப்பா, இஞ்சின ஆஃப் பண்ணா பின்னால படுத்திருக்கறவங்களுக்குத் தெரியுங்களா?"

ஏன் கண்ணு என்றேன். சொன்னாள். முதல் நாள் தொப்பூரில் இரண்டாவது கியரில் இறங்கும்போது ஸ்டியரிங்கே கையில் நிற்காமல் உதறியதாம். கண்ணாடியில் பார்த்தால் அப்பா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாராம். ஆடவே ஆடாது என்று சொன்ன மனுஷரிடம் ஆடுகிறதா என்று எப்படிக் கேட்பது? மறுநாளிலிருந்து இறக்கத்தின் உச்சியிலேயே இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருளவிட்டிருக்கிறாள். பிரேக் கல்லாக இறுகும், இரண்டு காலையும் வைத்து மிதித்திருக்கிறாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கிறாள். கீழே சமதரை வந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்திருக்கிறாள். தினமும் அப்படித்தான். "சத்தமே இல்லாம எறங்கும் சித்தப்பா. அவரு தூங்கறாருன்னு நெனச்சேன்" என்றாள்.

எந்த இடத்தில் இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று அவன் தண்டுகளைக் கழற்றச் சொன்னானோ, அதே இடத்தில் அவனுக்காகவே அவள் தினமும் இன்ஜினை நிறுத்தியிருக்கிறாள். டம்ளரை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

"கடைசி நாள் கண்ணாடில பாத்தேன்" என்றாள். "கண்ணத் தொறந்துகிட்டேதான் படுத்திருந்தாரு. மறுநாள்தான் போதும்னுட்டாரு."

என் பட்டறையில் உட்கார்ந்தபடியே, தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற வண்டி எந்த சிலிண்டரில் தவறுகிறது என்று சொன்னவன் அவன். படுத்திருக்கிறவனுக்கு அடியில் இன்ஜின் செத்தால் தெரியாமல் இருக்குமா? இன்ஜினை அணைக்காதே என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி ஆடுகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் அவன் துண்டைக் கடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவள் இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். எத்தனை நாள் யோசித்தானோ, கடைசியில் அதற்குப் பதில் போகாமலே இருந்துவிட்டான். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வந்தது, வாய் வரவில்லை. "தெரியும் கண்ணு. அவனுக்குத் தெரியாம இருக்காது" என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சித்தப்பா. நியூட்ரல்ல எறக்கறவங்க நம்ம ரோட்டுல இன்னும் இருக்காங்க" என்றாள். அதனால் எழுதினேன்.

வண்டி அவர்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. யாரும் எடுப்பதில்லை. டம்ளர் என்னிடம் இருக்கிறது, வேலை முடிந்த வண்டியில் வைப்பதற்கு இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. உருவிய ஒரு தண்டும், வெட்டியது போக மிஞ்சிய துண்டும் எண்ணெய் பூசி என் மேசைமேல் கிடக்கின்றன. இரும்புக் கடைக்குப் போட மனமில்லை. இரண்டையும் அலமாரியில் வைத்துப் பார்த்தேன், பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன், திரும்ப மேசைக்கே எடுத்து வந்துவிட்டேன். கழற்றினதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மாதேசா.